அசல் ரத்தத்துக்கு மார்க் இல்லை

கத்தி இறங்கியது. தொடை பிளந்தது.

"இன்னும் ஆழமா மாமா. எலும்பு தெரியணும்."

சைபுல்லா கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். லப்பைக்குடிக்காடு கடைவீதியில் அவர் வெட்டாத தொடை இல்லை. ஆனால் டாக்டருக்குப் படித்த அக்கா மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, கண் பளபளக்க, 'இன்னும், இன்னும்' என்று கேட்டால் கசாப்புக்காரரே பயப்பட மாட்டாரா?

"ஏம்மா ஃபைஸா, மவுத்தான ஆட்டுக்கு எதுக்கும்மா தையலு? எந்திரிச்சி மேயவா போவுது?"

"ஆட்டுக்கு இல்ல மாமா. என் கைக்கு."

அவள் வளைந்த ஊசியில் நூலைக் கோத்துச் சதையில் இறக்கினாள். முதலில் உள்சதை, அப்புறம் மேல்சவ்வு, கடைசியாகத் தோல். ரத்தமும் கொழுப்புமாக விரல் வழுக்கியது. வழுக்கட்டும். வழுக்குகிறபோது பிடிக்கத் தெரிந்தால்தான் அது டாக்டர் கை.

ஃபைஸா ஒரு ஹவுஸ் சர்ஜன். அதாவது பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிவிட்டு, வாசலில் போர்டு மாட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் கை பழக வேண்டியவள். பழகிக்கொண்டுதான் இருந்தாள், அரியலூர் ரோட்டில் ஒரு சிமெண்ட் லாரி அவளுடைய ஸ்கூட்டி மேல் ஏறி இறங்கும்வரை. ஸ்கூட்டி பழைய இரும்புக்கடைக்குப் போனது. ஃபைஸா தொடை எலும்புக்குள் கம்பியோடு வீட்டுக்கு வந்தாள். பயிற்சியில் ஒரு வருஷம் போல இடைவேளை விழுந்தது.

எலும்பு ஒட்டிவிட்டது. திரும்பக் கல்லூரியோடு ஒட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பும் ரோட்டோரத்தில் நிற்கிறது செங்கமலவல்லி மருத்துவக் கல்லூரி. பயிற்சியில் இடைவேளை விட்டவர்களை விசாரிப்பதற்கென்றே அங்கே ஒரு குழு உண்டு. பெயர், கைத்திறன் மங்காமைக் குழு. அதற்கு இரண்டே விதிகள். ஒன்று, இடைவேளையில் இருப்பவர் எந்த நோயாளியையும் தொடக் கூடாது. தொட்டால் போலி டாக்டர், பயிற்சி ரத்து. இரண்டு, இடைவேளை முடிந்து வருபவரின் கை ஒரு நூல்கூட மங்கியிருக்கக் கூடாது. மங்கியிருந்தால் பயிற்சி ரத்து. இந்த ரத்தை எதிர்த்து யாரும் தாராளமாக மேல்முறையீடு செய்யலாம், அதே குழுவிடம்.

ஆகவேதான் ஆட்டுத்தொடை.

தைத்த தொடைகள் வீணாகவில்லை. சைபுல்லா அவற்றைத் தையலைப் பிரித்துவிட்டு விற்றார். ஒருநாள் கூட்டத்தில் ஒரு தொடை தையலோடேயே போய்விட்டது.

மத்தியானம் வாங்கியவர் குழம்புச் சட்டியோடு திரும்பி வந்தார்.

"யோவ் பாய்! ஏற்கெனவே ஆபரேஷன் ஆன ஆட்டையா எனக்குத் தலையில கட்டுன? என் மருமவன் வாயில நூலு வருதுய்யா! நாப்பது ஜனம் உக்காந்திருக்கிற பந்தியில மானம் போச்சுய்யா!"

"சார், அது அக்கா மவ..."

"அக்கா மவள வேற வெட்டுனியா?"

பேச்சு அதோடு முடிந்தது. தராசுத் தட்டில் இருந்த எடைக்கல் பறந்து வந்து சைபுல்லாவின் புருவத்தில் இறங்கியது. புருவம் வாய் மாதிரி திறந்துகொண்டது. ரத்தம் கண்ணை மூடி, தாடியை நனைத்து, வெட்டுக்கட்டையில் சொட்டியது. இவ்வளவு நாளும் ஆட்டு ரத்தம் மட்டுமே குடித்த கட்டை அது.

ஃபைஸா ஊசியோடு பாய்ந்தாள். பாய்ந்தவள் ஓர் அடி தள்ளி, பிரேக் போட்ட மாதிரி நின்றாள்.

"என்னம்மா நிக்கிற? தையும்மா!"

"முடியாது மாமா. நீங்க இப்ப நோயாளி ஆயிட்டீங்க. தொட்டா ரத்து பண்ணிடுவாங்க."

"அடிப்பாவி! காலையில வரைக்கும் ஆட்டுக்கு மூணு அடுக்குத் தையல் போட்டியே!"

"ஆடு நோயாளி இல்ல மாமா."

கல்லை எறிந்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கே பொறுக்கவில்லை. தன் தோள் துண்டை அவிழ்த்து சைபுல்லாவின் தலையில் இறுக்கிக் கட்டி, தன் பைக்கிலேயே ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். போகும்போது ஃபைஸாவைப் பார்த்துக் காறித் துப்பினார்.

அன்று முழுக்க அந்த எச்சில் தன் முகத்திலேயே இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. கழுவிக் கழுவிப் பார்த்தாள்.

*

குழு கூடியது. நடுவில் தலைவர் டாக்டர் மணிமாறன், சர்ஜன். வலப்பக்கம் டாக்டர் ஹேமலதா, மருத்துவ நெறிமுறை. இடப்பக்கம் மூன்றாவது உறுப்பினர் ஒருவர் இருந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அவர் துறை.

"இடைவேளையில கையை எப்படிக் காப்பாத்தினே?" என்றார் மணிமாறன்.

"ஆட்டுத்தொடையில தையல் போட்டுப் பழகினேன் சார்."

ஹேமலதா கண்ணாடியைக் கழற்றினார். "ஆட்டோட சம்மதம் வாங்கினியா?"

"ஆடு ஏற்கெனவே இறந்துடுச்சு மேடம்."

"நீ தைக்கிறதுக்கு முன்னாடியா, தைச்ச பிறகா?"

"முன்னாடியே மேடம்."

"ஒண்ணாவது பொழைச்சுதா?"

"இல்ல மேடம்."

"நூத்துக்கு நூறு மரணம்," என்று ஹேமலதா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். மூன்றாவது உறுப்பினர் வருத்தத்தோடு தலையாட்டினார்.

"சார், நோயாளியைத் தொடக் கூடாதுன்னா கை எப்படி சார் பழகும்?"

மணிமாறன் நாற்காலியில் சாய்ந்து புன்னகைத்தார். நல்ல கேள்விக்குக் காத்திருந்த மனிதரின் புன்னகை. "பழகணும்னு யாரும்மா சொன்னா? மங்காம இருக்கணும். என்னையே எடுத்துக்க. பதினெட்டு வருஷமா நான் ஒரு நோயாளியையும் தொட்டதில்ல. என் கையால ஒரு தப்பு நடந்திருக்கா? ஒரு உயிர் போயிருக்கா? தொட்டாத்தானேம்மா தப்பு நடக்கும்!"

மற்ற இருவரும் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

அடுத்தது செய்முறைத் தேர்வு. கைத்திறன் கூடத்துக்குப் போனார்கள். மூச்சு நின்றவரின் நெஞ்சை அமுக்கி உயிர் மீட்கப் பழகுவதற்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ரப்பர் பொம்மை அங்கே படுத்திருந்தது. ஆனால் திறப்புவிழாவில் நிறுவனர் உணர்ச்சிவசப்பட்டு, அதற்குக் காலமான தன் தகப்பனாரின் பெயரைச் சூட்டிவிட்டார். அன்று முதல் அது இளையபெருமாள் ஐயா. நெற்றியில் சந்தனம், கழுத்தில் ரோஜா மாலை, கால்மாட்டில் குத்துவிளக்கு.

"செருப்பைக் கழட்டிட்டு வாம்மா," என்றார் மணிமாறன். "ஐயாவுக்கு மாரடைப்பு. காப்பாத்து."

ஃபைஸா மண்டியிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சின் மேல் வைத்தாள். வைத்த வேகத்தில் முதுகில் ஓர் அடி விழுந்தது. காவலாளியின் தடி.

"ஐயா நெஞ்சு மேலயே கை வைக்கிறியா?" மணிமாறன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "போன வருஷம் ஒரு பையன் அமுக்கி ஐயாவுக்கு விலா எலும்பு போச்சு. அந்தப் பையனுக்கு ரெண்டு போச்சு. அரை அடி மேல கையை வெச்சு அமுக்கும்மா!"

முதுகு எரிய எரிய, ஃபைஸா காற்றை அமுக்கினாள். பொம்மையின் தலைமாட்டுத் திரையில் நாடித்துடிப்புக் கோடு படுத்த படுக்கையாகவே கிடந்தது.

"நாடி வரல சார். இறந்துட்டார்."

"இயற்கை எய்தினார்னு சொல்லு!"

ஹேமலதா தலைவரின் காதில் ஏதோ கிசுகிசுத்தார். தலைவரின் முகம் மலர்ந்தது. "அசல் நோயாளியை நீ தொடக் கூடாது. ஐயாவை யாருமே தொடக் கூடாது. அதனால உனக்கு நடிப்பு நோயாளிங்க. அடுத்த வாரம் நம்ம மைதானத்துல பேரிடர் ஒத்திகை. நிறுவனர் வரார். அங்க பாஸ் பண்ணினா உள்ள வரலாம். இல்லேன்னா உன் பயிற்சி ரத்து. இதுதான் கடைசி."

*

பேரிடர் ஒத்திகைக்காக ஓர் ஓட்டை பஸ்ஸை வாங்கி மைதானத்தில் கவிழ்த்திருந்தார்கள். கண்ணாடிகளைக் காவலாளிகள் தடியால் அடித்து நொறுக்கினார்கள். ரத்தத்துக்குப் பதிலாகப் பீட்ரூட் சாறு அண்டா அண்டாவாக வந்தது. பயணிகளாக நடிக்க எறையூர்ப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் பிச்சைமுத்து என்று ஒருவன், கட்டுமஸ்தான ஆள். கூடவே அவன் மனைவி வீராயி.

ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை மாட்டினார்கள். சிவப்பு என்றால் உயிருக்கு ஆபத்து. மஞ்சள் என்றால் காத்திருக்கலாம். பச்சை என்றால் சிராய்ப்பு. கறுப்பு என்றால் பிணம். பிச்சைமுத்துவுக்குப் பச்சை வந்தது. வீராயிக்குக் கறுப்பு.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது உணவுக் குழு. அவர்கள் கூடி, நன்றாக யோசித்து, ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். காயம்பட்டவர்கள் கத்திவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பிணங்களோ கடைசிவரை வெயிலில் அசையாமல் கிடக்க வேண்டும். அது கஷ்டமான வேலை. ஆகவே பிணங்களுக்குச் சிக்கன் பிரியாணி. காயங்களுக்குத் தக்காளி சாதம்.

இதை மைக்கில் வேறு அறிவித்தார்கள்.

மைதானமே பிரியாணி அண்டாக்கள் பக்கம் திரும்பியது. பிறகு காயம்பட்டவர்கள் அத்தனை பேரும் சாகக் கிளம்பினார்கள்.

"யோவ், நான் செத்துட்டேன்யா! எனக்குக் கறுப்பு குடு!"

"நீ எப்படிடா சாவ? உனக்கு மஞ்ச!"

"இப்பதான் செத்தேன். வெயிலு தாங்கல!"

ஒருவன் படுத்திருந்த பிணத்தின் கழுத்திலிருந்து அட்டையை உருவினான். பிணம் எழுந்து அவன் மூக்கில் குத்தியது. மூக்கு உடைந்தது. அவனுடைய மச்சான் ஓடிவந்து பிணத்தின் இடுப்பில் உதைத்தான். அந்தப் பிணத்துக்கும் ஒரு மச்சான் இருந்தான். அப்புறம் யார் உயிர், யார் பிணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பஸ் சீட்டின் கம்பிகள் பிடுங்கப்பட்டன. பல் ஒன்று பந்தலில் வந்து விழுந்தது. பீட்ரூட்டோடு வேறொரு சிவப்பும் மண்ணில் ஊறத் தொடங்கியது.

பந்தலில் உட்கார்ந்திருந்த குழு மெய்ம்மறந்து கைதட்டியது.

"தத்ரூபம்!" என்று மணிமாறன் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே, நம் ஒத்திகையில் அலறல்கூட எவ்வளவு இயற்கையாக இருக்கிறது பாருங்கள்! அசல் விபத்தில்கூட இந்தத் தரம் வராது!"

மாணவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

பிச்சைமுத்து வீராயியின் அட்டையைக் கேட்டான். "நான் சாவறன்டி, நீ காயமா இரு!" அவள் தரவில்லை. மல்லுக்கட்டில் அட்டை அறுந்து கையோடு வர, பின்னால் சாய்ந்தவன் கவிழ்ந்த பஸ்ஸின் மேல் போய் விழுந்தான். ஜன்னலில் எஞ்சியிருந்த கண்ணாடிப் பல் அவன் புஜத்தின் உள்பக்கத்தைக் கடித்துத் துப்பியது.

ஃபைஸா பார்த்துவிட்டாள்.

பீட்ரூட் சாறு வழியும். இது வழியவில்லை. பீறிட்டது. நின்று நின்று, நெஞ்சு துடிக்கிற தாளத்திலேயே, செக்கச் செவேலென்று பீறிட்டு வீராயியின் முகத்தில் அடித்தது. பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தது. இன்னும் சில நிமிஷம். அவ்வளவுதான் அவன் கணக்கு.

"சார்! அது அசல் ரத்தம் சார்! ஆம்புலன்ஸை எடுக்கச் சொல்லுங்க!"

மணிமாறன் கழுத்து அட்டையைத் தூரத்திலிருந்தே கூர்ந்து பார்த்தார். "பச்சை அட்டைம்மா அவன். பச்சைக்கு இவ்வளவு ரத்தம் வரக் கூடாது. மிகை நடிப்பு."

"ஆம்புலன்ஸ் சார்!"

"புது ஆம்புலன்ஸும்மா. நிறுவனர் ரிப்பன் வெட்டாம எப்படி எடுக்கிறது? சாவி வெள்ளித் தட்டுல இருக்கு. தட்டு அவர் கார்ல வருது."

"நீங்க சர்ஜன்தானே! நீங்களாவது வந்து குழாயைப் பிடிங்க சார், ஆள் போயிடுவான்!"

"நானா?" மணிமாறன் தன் கைகளையே பயத்தோடு பார்த்தார். "நான் பதினெட்டு வருஷமா இடைவேளையில இருக்கேன்மா. எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுத்துது."

மைக் அணைக்கப்படவில்லை. 'சுத்துது, சுத்துது' என்று மைதானமெங்கும் ஒலித்தது.

ஃபைஸாவுக்கு முன்னால் இரண்டே வழிகள் நின்றன. அந்த மனிதனைத் தொட்டால் ஐந்தரை வருஷப் படிப்பு போகும். தொடாவிட்டால் அவன் போவான். இந்தத் தடவை அவள் கால் பிரேக் போடவில்லை.

ஆம்புலன்ஸின் முகப்பில் கட்டியிருந்த ரிப்பனை வாயால் கடித்து இழுத்தாள். ரிப்பன் வெட்டப் பக்கத்து மேசையில் வைத்திருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். "ஏய், அது நிறுவனரோடது!" என்று மறித்த காவலாளியின் வயிற்றில் முழங்கையை இறக்கினாள். சண்டைக்குள் புகுந்தாள். சீட்டுக்கம்பி ஒன்று தோளில் விழுந்தது. கம்பி பிடித்தவனின் முழங்காலில் உதைத்தாள். தன் கம்பி வைத்த காலாலேயே.

பிச்சைமுத்துவின் புஜத்தை அவள் பிடித்ததும் அவன் மிரண்டான்.

"விடு தாயி! காப்பாத்திடாத! இப்பதான் கறுப்பு அட்டை கையில கெடச்சுது. காப்பாத்துனா தக்காளிச் சோறு!"

"யோவ், நிஜமாவே சாவப்போற!"

"அதத்தானே கேக்குறன்!"

அவன் திமிறினான். அவள் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றினாள். அவன் அவளுடைய மணிக்கட்டைக் கடித்தான். ஃபைஸா மறு கையால் அவன் தாடையில் ஒரு குத்து விட்டாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சிகிச்சை. அவன் அடங்கினான். துப்பட்டாவைச் சுருட்டிப் புஜத்தின் மேல்பக்கம் சுற்றினாள். அதன் மேல் ரிப்பனை இரட்டித்துக் கட்டி, முடிச்சில் கத்தரிக்கோலைச் சொருகி, திருகினாள். அவன் அலறினான். இன்னும் திருகினாள்.

பீறிடல் குறைந்து சொட்டாகி நின்றது.

"வண்டி! ஏதாவது வண்டி!"

மைதானத்தில் கிளம்பத் தயாராக இருந்தது ஒரே ஒரு வண்டிதான், பிரியாணி வந்த குட்டியானை. அண்டாக்களைத் தள்ளிவிட்டு அவனை ஏற்றினார்கள். கத்தரிக்கோலைப் பிடித்தபடி ஃபைஸாவும், தலைமாட்டில் முகமெல்லாம் ரத்தமாக வீராயியும் ஏறினார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் டிரைவர் பெரம்பலூருக்குப் பறந்தார்.

பாதி வழியில் பிச்சைமுத்து கண் திறந்தான். மூக்கை உறிஞ்சினான்.

"பிரியாணி வாசம் வருது தாயி. நான் செத்துட்டனா?"

"பேசாம படுய்யா," என்று வீராயி அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். விட்டுவிட்டு அழுதாள்.

*

பெரியாஸ்பத்திரியில் குழாயைச் சேர்த்துத் தைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் நரம்பும் அறுந்திருந்தது. விரல்கள் மடங்கவில்லை. மடங்காத கையால் கரும்பு வெட்ட முடியாது. இன்னோர் ஆபரேஷன் வேண்டும். "உங்க மைதானத்துலதானே அறுந்துச்சு, நீங்களே செஞ்சு குடுங்க" என்று கேட்க வீராயி கல்லூரிக்கு வந்தபோது, அன்றைக்கே குழுவும் கூடியிருந்தது. காவலாளி அவளைக் குழு அறையின் வாசலோரம் உட்கார வைத்தான்.

உள்ளே மேசையில் ஒத்திகைக்குக் கிடைத்த பித்தளைக் கேடயம் பளபளத்தது. 'மிகத் தத்ரூபமான பேரிடர்' என்று பொறித்திருந்தது. கல்லூரி தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது.

மணிமாறன் தொண்டையைச் செருமினார். "நீ போட்ட கட்டைப் பார்த்தோம். அபாரம். ஒரு சொட்டு கசியல. இடைவேளையில இருந்த கையால இப்படிக் கட்ட முடியுமா? முடியாது. ஆகவே நீ இடைவேளையில நோயாளிகளைத் தொட்டுப் பழகியிருக்கே. பயிற்சி ரத்து."

"கட்டு கசிஞ்சிருந்தா?"

"கை மங்கிடுச்சுன்னு ரத்து."

ஃபைஸா அழவில்லை. கோபத்தில் மூளை பனிக்கட்டி மாதிரி வேலை செய்தது. "சரி சார். அன்னிக்கு நான் தொட்டது நோயாளியையா, நடிகரையா?"

"ஏன் கேக்கிறே?"

"நோயாளின்னா, உங்க மைதானத்துல ஒருத்தர் சாகக் கிடந்திருக்கார். போலீஸ் வரணும். நடிகர்னா, நான் ஒத்திகையில பாஸ்."

குழு தலைகளை ஒன்றாக முட்டிக்கொண்டு கிசுகிசுத்தது. மூன்றாவது உறுப்பினர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் தவித்தார். கடைசியில் மணிமாறன் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நடிகர்தான்மா! பச்சை அட்டை, பீட்ரூட் சாறு, சிறப்பான நடிப்பு. நீ பாஸ். இந்தா உன் உத்தரவு. இந்த வரியில மட்டும் ஒரு கையெழுத்துப் போடு. 'அன்று யாருக்கும் காயம் ஏற்படவில்லை.'"

ஃபைஸா பேனாவை எடுத்தாள். ஐந்தரை வருஷம் அந்தத் தாளில் இருந்தது.

"ஐயா," என்று வாசலில் ஒரு குரல். வீராயி எழுந்து உள்ளே வந்திருந்தாள். "அப்ப எங்கூட்டு ஆளுக்குக் கையி?"

"நடிகர்களுக்கு இங்க ஆபரேஷன் கிடையாதும்மா," என்றார் ஹேமலதா கனிவாக. "அது நெறிமுறை இல்ல."

ஃபைஸாவின் பேனா தாளைத் தொடவில்லை. தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிச்சைமுத்துவின் பல் பதிந்த இடம் இன்னும் நீலமாக இருந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

"அவர் நோயாளி சார். அது அசல் ரத்தம்."

மணிமாறனின் சிரிப்பு உதிர்ந்தது. "அசல் ரத்தத்துக்கு மார்க் இல்லம்மா." உத்தரவை எடுத்து நிதானமாக நான்காகக் கிழித்தார். "பயிற்சி ரத்து. வெளிய போ. நீயும் போம்மா. ஒண்ணுமே ஆகல உன் புருஷனுக்கு. எல்லாம் நடிப்பு."

வீராயி மேசைக்கு வந்தாள். மேசையிலிருந்த கேடயத்தை எடுத்தாள். கரும்பு வெட்டிய கை. குறி தப்பாது.

பித்தளை நெற்றியில் 'ணங்' என்று மோதியது. மணிமாறன் நாற்காலியோடு மல்லாந்தார். மயிரெல்லையில் தோல் விரிந்து ரத்தம் கொட்டியது.

"எந்திரிங்க ஐயா," என்றாள் வீராயி. "இதுவும் நடிப்புதான்."

"ரத்தம்! ரத்தம்! டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று அலறினார் மணிமாறன்.

அறையில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. "நான் நெறிமுறை சார்," என்று ஹேமலதா சுவரோடு ஒட்டிக்கொண்டார். மூன்றாவது உறுப்பினர் மேசைக்கடியில் இருந்தார். தலையாட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஃபைஸா குனிந்து, கர்ச்சீப்பை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினாள். ரத்தம் நின்றது. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"மன்னிச்சுக்கங்க சார். ரத்தானவ நான். நோயாளியைத் தொடக் கூடாது. கையை எடுத்துடறேன்."

"எடுக்காதே!"

"விதி சார்."

"எடுக்காதேம்மா! ரத்தை... ரத்து பண்ணிட்டேன்! ஹேமலதா, எழுதுங்க!"

"பிச்சைமுத்து?"

"அவனுக்கென்ன?"

ஃபைஸாவின் விரல் ஒரு நூல் தளர்ந்தது. புருவத்தின் மேல் சூடாக ஒன்று இறங்கியதும் மணிமாறன் துள்ளினார்.

"நோயாளி! நான் நோயாளி! அவனும் நோயாளி! ஆபரேஷன் உண்டு! எழுதுங்க!"

ஹேமலதா சுவரோடு ஒட்டியபடியே எழுதினார். மேசைக்கடியிலிருந்து ஒரு கை நீண்டு வந்து அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. ஃபைஸா தாளை ஒரு தடவை படித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டாள். காவலாளி ஓடிப்போய் எடுத்துவந்த மரப்பு ஊசியைப் போட்டு, அதே அறையில், அதே தரையில், தையலை ஆரம்பித்தாள். ஊசி இறங்கும்போதெல்லாம் தலைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வீராயி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து வேடிக்கை பார்த்தாள்.

"டாக்டரம்மா, ஆபரேசனுக்குத் தேதி குடுக்கிறது யாரு? இவரா?"

"இல்ல, அதுக்குத் தனிக் குழு," என்றார் ஹேமலதா. "மாடியில. ஆனா அவங்க உடனே குடுக்க மாட்டாங்க. கூடிப் பேசணும்."

வீராயி எழுந்தாள். மூலையில் கிடந்த கேடயத்தை எடுத்து முந்தானையால் ரத்தத்தைத் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். மாடிப்படியில் கால் வைத்தவள் திரும்பிக் கேட்டாள்:

"அங்க எத்தினி பேருங்க உக்காந்திருப்பாங்க?"